ஓரப் பார்வை

எங்கள் வீட்டில் படம் வரைகிறவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் இதைச் சொல்வதற்கே எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

என் தொழிலே அதுதான். ஆட்கள் போட்டோ கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் அதைப் பார்த்துக் கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தருவேன். ஓய்வு பெறும் மேனேஜருக்கு ஆபீஸ்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் பரிசு, காலமான அப்பாவின் முகம், புதுசாகக் கல்யாணமான ஜோடி, இப்படி. இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவது எனக்குக் கைவந்த கலை. வழுக்கைக்கு நாலு முடி தாராளமாகப் போடுவேன். வாங்க வருகிறவர் வாயைப் பிளந்து, “அச்சு அசலா இருக்கே” என்பார். அச்சுமில்லை, அசலுமில்லை. தான் இப்படி இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும் முகம் அது.

வீட்டில் என்னைப் பெரியவள் என்பார்கள், மூத்த மருமகள் என்பதால். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. காலையில் போனால் சாயங்காலம் வரை யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை இடுக்கியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நல்ல பெண். அதுதான் சிக்கலே. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

ஒவ்வொரு வருஷமும் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைப்பார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு பெரிய சுவர் இருக்கிறது. அதில் ஒரே ஒரு படம்தான் மாட்டுவார்கள். மற்றதெல்லாம் உள் அறைகளில். முன்சுவர் சில வருஷங்களாக என்னுடையதாகவே இருந்துவந்தது. பூ ஜாடி வரைந்தேன், மாட்டினார்கள். மழையில் நனைந்த தெரு வரைந்தேன், அதையும் மாட்டினார்கள். இந்த வருஷம், வரைகிறவர்கள் எல்லாரும் தங்கள் சொந்த முகத்தைத்தான் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் உள்ளவர்கள் முகமெல்லாம் வரைந்தவள், என் முகத்தை ஒருநாளும் வரைந்ததில்லை. அதற்காகவே அவர்கள் நடத்திய சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

“அக்கா, நானும் சும்மா கூட வரட்டுமா? வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்” என்றாள் சின்னவள்.

“வாயேன். பொழுது போகும்” என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

வகுப்பு எடுக்கும் டீச்சர் என்னைவிட வயதில் சின்னவள். முடியை ஒட்ட வெட்டியிருப்பாள், கை முழுக்க எப்போதும் வண்ணம் அப்பியிருக்கும். நான் வரைந்து முடித்த முதல் படத்தின் முன்னால் வந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு. இது யாரு, உங்க தங்கச்சியா?”

வகுப்பே சிரித்தது. எனக்குத் தங்கச்சி கிடையாது. கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுத்திருந்தேன், அவ்வளவுதான். தாடையையும் லேசாக.

“முகம் அழகா இருக்குங்க. வீடு சுத்தமா இருக்கு. ஆனா ஆள் வீட்ல இல்லையே” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படத்துக்குப் போனாள். அடுத்த படம் சின்னவளுடையது.

அதைப் பார்த்து நான் சிரித்துவிடலாம் என்றுதான் எட்டிப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கடியில் நீலத்தைத் தேய்த்திருந்தாள். நெற்றியில் வண்ணத்தைக் கத்தியால் வாரி அப்பியிருந்தாள். கன்னத்து மச்சம் ஒரு உருண்டையாக நின்றது. ஆனால் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றக்கூட மனசில்லாமல் வாசல்படியில் உட்கார்வாளே, அந்தச் சின்னவள் அதில் இருந்தாள். அப்படியே இருந்தாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

என் படத்தின் முன்னால் யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. நின்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்த நாற்காலி இழுபட்ட சத்தம் வீடு வரும்வரை என் காதிலேயே இருந்தது.

“அக்கா, டீச்சர் எதுவுமே சொல்லல. ரொம்பக் கேவலமா இருக்கா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“மோசமில்ல” என்றேன்.

வகுப்பில் இருக்கும் எல்லாரும் கண்காட்சிக்குப் படம் கொடுக்கலாம், ஆனால் அதை வீட்டில்தான் வரைய வேண்டும். மாடி அறையில் இருவருக்கும் இடம் போட்டுக்கொண்டோம். அங்கே பீரோ ஒன்று உண்டு, கதவு முழுக்கக் கண்ணாடி. மூத்தவள் என்ற உரிமையில் பீரோவுக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். சின்னவள் எனக்குப் பின்னால் எதிர்ச்சுவரைப் பார்த்து, அலமாரித் தட்டில் ஒரு சின்ன முகக் கண்ணாடியை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகுக்கு முதுகு. “ரெண்டு பேரும் அவங்கவங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா சோறு தானா வேகுமா?” என்று கீழிருந்து மாமியார் குரல் கொடுப்பார். சின்னவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பீரோக் கண்ணாடியில் என் முகம் பெரிதாகத் தெரிந்தது. என் தோளுக்கு மேலே சின்னவளின் முதுகும், அதைத் தாண்டி அவளுடைய கான்வாஸும் தெரிந்தன. இடத்தைப் பிடிக்கும்போது இதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகு இடத்தை மாற்றவும் இல்லை.

அவள் வகுப்பில் வரைந்ததையே பெரிதாக மறுபடி வரைந்தாள். அந்த மூக்கு, அந்த நீலம், அந்த மச்சம் எல்லாம் முதல் முறை தற்செயலாக விழுந்தவை என்று நினைத்திருந்தேன். இரண்டாம் முறையும் விழுந்தன, முன்னைவிட நன்றாகவே. பல் செய்கிற இடத்தில் ஒரே வெள்ளைக்குள் பல வெள்ளை பார்த்துப் பழகிய கண் என்று வைத்துக்கொள்ளலாம். நான் முகத்துக்கு மேல் பூசிக்கொண்டிருந்தேன், அவள் உள்ளேயிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் என் கணவர் மாடிக்கு வந்தார், கையில் டீயோடு. என் படத்தை ஒரு பார்வை பார்த்து, “ம், நல்லா வந்திருக்கு” என்றார். கல்யாணமானதிலிருந்து என் எல்லாப் படத்துக்கும் அவர் சொல்வது இதைத்தான். பிறகு திரும்பினார். சின்னவள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள், கான்வாஸ் மட்டும் இருந்தது. அதன் முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். டீயில் ஏடு படிந்தது.

“டீ ஆறுது” என்றேன்.

“பாவம்டி அந்தப் பொண்ணு. இவ்வளவு களைச்சுப் போயா இருக்கா? தினமும் பாக்குறோம், தெரியலையே” என்றார்.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நானும்தான் களைத்திருக்கிறேன். நானும்தான் இந்த வீட்டில் இருக்கிறேன். என் முகத்தில் அதை நானே அழித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னவள் வந்து உட்கார்ந்ததும், என் மழமழப்பான படத்தைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். கண்ணாடியில் தெரிகிற எதையும் விட வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, என் முகத்தை விட்டுவிட்டு முதலில் பின்னணியை ஆரம்பித்தேன். அறை, ஜன்னல், மூலையில் சின்னவளின் முதுகு, அதற்கப்பால் அவள் கான்வாஸ். இருப்பதிலேயே மெல்லிய பிரஷை எடுத்து, அவள் வரைந்த முகத்தைக் கட்டைவிரல் அளவுக்கு அப்படியே எடுத்தேன். பின்னணிக்காக இல்லை. அவள் எப்படிச் செய்தாள் என்று கண்டுபிடிக்க. நீலத்துக்குள் என்ன கலந்தாள், மூக்கை எங்கே இழுத்தாள், எந்த இடத்தில் கையை நிறுத்தினாள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நகல் எடுப்பதில் எனக்கு நிகர் நான்தான். அந்தக் கட்டைவிரல் முகம் உயிரோடு வந்து உட்கார்ந்தது. ஆனால் அந்தத் தந்திரம் என் கைக்கு வரவில்லை. அது தந்திரமே இல்லை என்பதுதான் காரணம்.

அடுத்த நாள் சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறேன். நீங்க பாத்துச் சொல்லுங்களேன். நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி.”

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு இடம்கூடத் தொடக் கூடாத படம் அது.

“மூக்கு கொஞ்சம் கோணலா இல்ல?” என்றேன்.

“அப்படியா?”

“பாரு. அப்புறம் கண்ணுக்குக் கீழ இந்த நீலம் எதுக்கு? அடி வாங்கின மாதிரி இருக்கு. பாக்குறவங்க உன் புருஷனைத் தப்பா நினைப்பாங்க.”

“ஐயய்யோ.”

“காயறதுக்குள்ள காஞ்ச பிரஷால லேசா தேய்ச்சு விடு. தோல் மழமழன்னு வரும். உதட்டோரம் கொஞ்சம் தூக்கு, சிரிக்கிற மாதிரி.”

குரல் நடுங்கவில்லை. போட்டோ கொண்டுவருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்தானே. சின்னவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து என் முகத்தை வரைய ஆரம்பித்தேன். பின்னால் மூக்கு நேராகிக்கொண்டிருந்தது. கத்தித் தடமெல்லாம் மழுங்கியது. நீலம் ரோஜாவானது. ஒவ்வொன்றாகப் போவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நான் என் நெற்றியைப் போட்டேன், உதட்டைப் போட்டேன், கண்ணைப் போட்டேன். கை அதுபாட்டுக்கு ஓடியது. அப்படி ஒரு வேகத்தில் நான் வரைந்ததே இல்லை. கத்தியால் அப்பினேன், விரலால் தேய்த்தேன். உள்ளே ஒருத்தி ‘வேண்டாம்னு சொல்லுடி, இப்பவாவது சொல்லுடி’ என்று கத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்றாள். இருவரையும் வைத்துக்கொண்டுதான் வரைந்தேன்.

“இப்ப எப்படி அக்கா?” என்றாள் கடைசியில்.

வெகு அழகாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. ஆள் வீட்டில் இல்லை.

“இப்பதான் லட்சணமா இருக்கு” என்றேன்.

படங்கள் காய்ந்ததும் துணி போட்டு மூடி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். சில நாள் கழித்து டீச்சர் போன் செய்தாள்.

“எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?” என்றாள். “முன்சுவர் உங்களுக்குத்தான்.”

சின்னவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “எனக்கு அப்பவே தெரியும் அக்கா!” மாமியார் வேலைக்கு நடுவில் தலையை நீட்டி, “மறுபடியும் பெரியவதானா?” என்றார். மறுபடியும் நான்தான். அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை.

கண்காட்சியன்று குடும்பமே போனோம். கதவைத் தாண்டியதும் எதிரே நான். நல்ல வெளிச்சத்தில், அவ்வளவு தூரத்திலிருந்து அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

படத்தில் உதட்டை இறுக்கி மூடியிருந்தேன். கழுத்து நரம்பு தெறித்திருந்தது. கண்கள் பார்ப்பவரைப் பார்க்கவில்லை. கண்ணாடி பார்த்துத் தன்னை வரைகிறவர்களின் கண் நேராக நம்மைத்தான் பார்க்கும், சுற்றியிருந்த எல்லாப் படத்திலும் அப்படித்தான் இருந்தது. என் கண்கள் மட்டும் ஓரத்துக்குப் போயிருந்தன. முகத்தை இங்கே வைத்துக்கொண்டு, கருவிழி இரண்டையும் மூலைக்குத் தள்ளி, பின்னால் எதையோ கொத்தித் தின்றுவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். வரையும்போது இது எனக்குத் தெரியவே இல்லை.

“என்ன கண்ணுடா இது” என்றார் யாரோ.

“பயமா இருக்கு. ஆனா விட்டுட்டுப் போக முடியல” என்றாள் ஒரு பெண்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். “பெரியவளே, யார் மேலடி இப்படி வயிறு எரியுற?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். அப்போதுதான் என் கணவரைக் கவனித்தேன். கப்பைக் கையில் பிடித்தபடி என் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ‘நல்லா வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டு நகரவில்லை. நின்றார், நின்றுகொண்டே இருந்தார். டீயில் ஏடு படிந்தது. சொன்னால் வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவர் யாருக்கு வேண்டும், இந்த டீ ஆறுவதற்காகத்தானே இவ்வளவும். மெதுவாகப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“என்ன அப்படிப் பாக்குறீங்க?”

அவர் குனிந்து படத்தின் மூலையைக் காட்டினார். “இதோ இதுதான். அன்னைக்கு மாடியில பாத்தேன் பாரு, இதைத்தான் பாத்தேன். உள்ள தொங்கவிட்டிருக்காங்களே சின்னவ படம்னு, அது வேற என்னமோ. நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேனோன்னு நினைச்சேன்.”

கட்டைவிரல் அளவு முகம். கோணல் மூக்கோடு, கண்ணுக்கடியில் நீலத்தோடு, களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரைந்ததோடு மறந்துவிட்டேன். ஆயிரம் பேர் பார்க்கிற சுவரில் நானே கொண்டுவந்து மாட்டியிருக்கிறேன்.

பின்னாலிருந்து சின்னவளின் கை என் தோளைத் தொட்டது. அவள் படம் உள்ளே மாடிப்படிக்குப் பக்கத்தில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்க்காத இடம். அங்கே நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளும் குனிந்து மூலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் இடது கன்னத்து மச்சத்தைத் தொட்டுக்கொண்டாள்.

“என் படத்துல மச்சம் பக்கம் மாறி விழுந்திருந்துச்சு, கண்ணாடியப் பாத்து வரைஞ்சதால. உங்க கண்ணாடிக்குள்ள போய் மறுபடி மாறி, சரியான பக்கம் வந்திருக்கு” என்றாள். “மத்தவங்க பாக்குற என்னை இப்பதான் அக்கா நான் பாக்குறேன்.”

நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள்.

“இவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கீங்களே. நல்லா இருந்தாத்தானே இப்படி வரைய முடியும்? அப்புறம் ஏன் அக்கா மாத்தச் சொன்னீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அல்லது தெரிந்துகொண்டே, என் வாயால் வரட்டும் என்று நின்றாளோ என்னவோ. என் தலைக்கு மேலே என் கண் இரண்டும் அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே நின்றுகொண்டு பொய் சொல்ல யாரால் முடியும்?

“நல்லா இருந்துச்சு. அதான் மாத்தச் சொன்னேன்” என்றேன்.

என் கணவர் ஆறிய டீயை ஒரே வாயில் குடித்துவிட்டு, கப்பைப் போட இடம் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். சின்னவள் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் படத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“சரி” என்றாள். “அடுத்த படத்துக்குப் பீரோக் கண்ணாடி எனக்கு.”

‘அக்கா’ இல்லை. அதை அவள் இன்னும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் நேரே முன்னால் வந்து நிற்கிறாள்.

கண்காட்சி முடிந்த அடுத்த சனிக்கிழமை மாடி அறையில் இடம் மாறி உட்கார்ந்தோம். அவள் பீரோவுக்கு முன்னால். நான் அலமாரிப் பக்கம், சின்னக் கண்ணாடியோடு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இனி என் கான்வாஸ் முழுக்க அவளுக்குத் தெரியும். நான் போடுகிற ஒவ்வொரு கோட்டையும் அவள் என் தோளுக்கு மேலே பார்க்கலாம். பார்க்கட்டும். பார்த்து அவளுக்கும் கொஞ்சம் வயிறு காந்தட்டும். அதற்காகவே அன்றைக்கு என் உயிரைக் கொடுத்து வரைந்தேன். கண்ணுக்குக் கீழே பையைப் போட்டேன், தாடையை இரண்டாகவே விட்டேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. சின்னக் கண்ணாடியை ஒரு விரலால் லேசாகத் திருப்பினேன். என் தோளுக்கு மேலே பீரோக் கண்ணாடி தெரிந்தது, அதற்குள் அவள் முகம்.

அவள் தன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக, கண் கொட்டாமல். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.